கனெக்டர் தூங்கினால்...

கே: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களைக் காஃப்காவுக்கு அனுப்ப ஒரு கனெக்டர் போட்டால் போதுமாமே! அப்புறம் நிம்மதியாகத் தூங்கலாமா?

ப: தூங்கலாம், டிஸ்க்கில் இடம் இருக்கிற வரை!

லிங்க்ட்இன் நிறுவனத்தில் பிறந்து 2011-ல் ஓப்பன் சோர்ஸ் ஆன காஃப்காவுடன், 2015-ல் வந்த 0.9 பதிப்பில்தான் கனெக்டர்களை ஓட்டும் 'கனெக்ட்' சேர்ந்தது. அதில், டேட்டாபேஸ் மாற்றங்களைப் படித்து அனுப்பும் டெபீசியம் கனெக்டரை ஏற்றுவது சுலபம்: ஒரு ஜேசான் கோப்பு, 8083 போர்ட்டுக்கு ஒரு கோரிக்கை. அதற்கு முன்பே போஸ்ட்கிரெஸின் 'வால் லெவல்' அமைப்பை 'லாஜிக்கல்' என்று மாற்றி, சர்வரை ரீஸ்டார்ட் செய்திருக்க வேண்டும். 'டாஸ்க்ஸ் மேக்ஸ்' 10 என்று கொடுத்தால் வேகம் பத்து மடங்காகும் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆகாது, இந்த கனெக்டர் எப்போதும் ஒரே டாஸ்க்கில்தான் ஓடும்.

ஆபத்து இருப்பது வேறு இடத்தில்.

வெள்ளிக்கிழமை மாலை கனெக்டர் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். அது விட்ட இடத்திலிருந்து படிக்க வேண்டுமே என்று, கனெக்டருக்காக போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட், பழைய லாக் கோப்புகளை (வால்) அழிக்க விடாது. எழுத்து அதிகம் நடக்கும் டேட்டாபேஸ் என்றால், திங்கட்கிழமைக்குள் டிஸ்க் நிரம்பி எல்லாமே நின்றுவிடலாம். போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து 'மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்' மூலம் இதற்கு வரம்பு கட்டலாம். ஆனால் நாமாக மாற்றாதவரை அதன் மதிப்பு -1, அதாவது வரம்பே கிடையாது! வரம்பைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாமல் போய், டேட்டா முழுவதையும் படிக்கும் ஸ்னாப்ஷாட்டை மறுபடி முதலிலிருந்து எடுக்க நேரும். டேட்டாபேஸ் படுத்துவிடுவதை விட அது எவ்வளவோ தேவலை.