பந்து அண்ணன் கையில்

கூடைப்பந்து ஐந்து பேர் ஆடும் ஆட்டம் என்று எங்களுக்குத் தினமும் சொல்லிக்கொடுப்பவர் அண்ணன்தான். பந்து தன் கையில் இல்லாத நேரத்தில் மட்டும் சொல்லிக்கொடுப்பார். "டேய் தம்பி, பாஸ்! பாஸ் பண்ணுடா! டீம் கேம்டா இது!" பயந்துபோய்ப் போட்டுவிடுவோம். அத்தோடு டீம் கேம் முடிந்தது.

பிறகு தட்ட ஆரம்பிப்பார். வலது கையில் தட்டுவார், கால் இடுக்கில் விட்டு இடது கைக்கு எடுப்பார், முதுகுப் பக்கம் சுற்றுவார், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவார். எதிராளி ஓர் அங்குலம் அசைந்திருக்க மாட்டான். நாங்கள் நால்வரும் ரிங்கை நோக்கி வெட்டி ஓடி, கை தூக்கி, "அண்ணே, ஃப்ரீ! அண்ணே!" என்று தொண்டை வறளக் கத்திவிட்டு, சாமி புறப்பாட்டுக்கு வழிவிட்டவர்கள்போல ஓரமாக ஒதுங்கிவிடுவோம். இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-இல் எழுதிய 13 விதிகளின்படி பந்தோடு ஓடவே கூடாது. பிடித்த இடத்திலிருந்தே எறிந்துவிட வேண்டும். அந்த மனுஷனுக்கும் ஓர் அண்ணன் இருந்திருக்க வேண்டும்.

அண்ணன் பாஸே கொடுக்க மாட்டார் என்று சொன்னால் பாவம் வரும். கொடுப்பார். மூலையில் மூன்று பேர் மடக்கி, கால் கோட்டைத் தாண்டப்போகிற நொடியில், என் முழங்காலைக் குறிபார்த்து ஒன்று வரும். பந்து வெளியே போகும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்திடம் முறையிடுவார்: "கையில கொடுத்தாலும் பிடிக்க மாட்டேங்கிறானுங்க."

பாக்ஸ் அவுட், ரீபவுண்ட் எல்லாம் சின்னப் பசங்க வேலை. டிஃபென்ஸும்தான், பாதிக் கோர்ட்டில் நின்றபடி "ஆளைப் பிடிடா" என்பார்.

வலை கிழிந்தால் தன் காசில் வாங்கிவந்து ஏணி போட்டுக் கட்டுபவரும் அவரேதான். மழை பெய்த காலையில் தண்ணீர் தள்ளத் துடைப்பத்தோடு முதலில் நிற்பவரும் அவரே. அதனால்தான் யாருக்கும் வாய் வருவதில்லை. ஆனால் ஒருவர் வலை கட்டினார் என்பதற்காக மற்ற நால்வரும் ஆயுசுக்கும் வெறுங்கையோடு ஓடிக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

முதுகில் 23 போட்டிருக்கிறாரே, ஜோர்டனை வைத்தே மடக்குவோம் என்று பார்த்தேன்.

"அண்ணே, 1997 ஃபைனல்ஸ், ஆறாவது மேட்ச். யூட்டாவோட 86-86. கடைசி நேரம். ரெண்டு பேர் மறிச்சதும் ஜோர்டன் என்ன பண்ணாரு? ஸ்டீவ் கெர்ருக்குப் பாஸ் கொடுத்தாரு. கெர் போட்டாரு. புல்ஸ் கப் அடிச்சுது."

அண்ணன் எங்கள் நால்வரையும் வரிசையாக ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுல யாருடா கெர்?"