வாபஸ் மகானுபாவர்

வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் சொந்த வீடு கட்டி முடித்து, அந்தக் களைப்போடேயே உத்தியோகத்திலிருந்தும் ஓய்வு பெற்று, காலைப் பத்திரிகையில் அச்சுப்பிழை கண்டுபிடிப்பதை நித்திய கர்மாவாகக் கொண்டிருக்கும் கனவான்களுக்குள், இன்சூரன்ஸ் கிளெய்ம் போடுவதில் ஒரு பங்கு உற்சாகமும், போட்டதை வாபஸ் வாங்குவதில் ஒன்பது பங்கு உற்சாகமும் காட்டுகிற ஒரு மகானுபாவரை நீங்கள் அவசியம் சந்தித்திருப்பீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், கடலில் இருந்தபடியே சென்னையை நனைத்துத் தீர்த்துவிட்டு, ஆந்திரத்துப் பாபட்லா அருகே போய்க் கரையேறிய வாரத்தில், தண்ணீர் வடிந்து சேறு மிஞ்சிய கூடத்தின் நடுவே நாற்காலியைப் போட்டு அமர்ந்து, வீட்டுக்கடன் வாங்கிய அன்று வங்கி மேலாளர் சுட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திட்டதோடு மறந்துபோன பாலிசியை அவர் முதன்முறையாகப் படித்தார். பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் 2021 ஏப்ரல் முதல் வழங்கிவரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ அது. கட்டடத்துக்கு எழுதிய தொகையில் 20 சதவிகிதம், 10 லட்ச ரூபாய்க்கு மேற்படாமல், வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே உண்டு என்ற வாசகத்தைக் கண்டதும் அவர் முகத்தில் தோன்றிய தேஜஸ், பணி ஓய்வு நாளன்று மாலை போட்டபோதுகூடத் தோன்றியதில்லை.

அன்றே கிளெய்ம் பதிவாயிற்று. அடிப்பலகை உப்பிப்போன பிளைவுட் பீரோ, மூச்சு நின்ற ஃபிரிட்ஜ், தண்ணீர் புகுந்த மோட்டார் ஆகியவற்றுக்குப் பின், பக்கங்கள் ஒட்டிப்போன தம் சுயசரிதைக் கையெழுத்துப் பிரதியையும் நஷ்டப் பட்டியலில் சேர்த்தார். கையெழுத்துப் பிரதிகளுக்கு நஷ்டஈடு இல்லையென்று பாலிசியிலேயே விலக்கியிருப்பது இலக்கிய உலகத்துக்கு இழைத்த அநீதியா, செய்த உபகாரமா என்று தீர்மானிக்க நான் துணியவில்லை.

இரவு டெக்ஸாஸிலிருந்து புதல்வன் பேசினான். அமெரிக்காவில் வீட்டுக் கிளெய்ம்கள் கம்பெனிகளுக்கெல்லாம் பொதுவான பதிவேட்டில் ஏழு வருஷம் வரை நிற்கும் என்றும், சல்லிக்காசு வாங்காமல் வாபஸ் பெற்றாலும் அந்தப் பதிவு நின்றுவிடக்கூடும் என்றும் அவன் சொன்னதை, வேளச்சேரிக்கும் அமலாகும் சட்டமாகவே தந்தை எடுத்துக்கொண்டார். அப்படியானால் வாபஸ் வாங்கித்தான் என்ன பிரயோஜனம் என்ற தர்க்கம் அவருக்குத் தோன்றவில்லை. பயத்துக்குத் தர்க்கம் தேவைப்படுவதில்லை போலும். எதிர்வீட்டுக்காரர் வேறு, ஐந்து வருஷம் கிளெய்மே போடாமல் கார் பாலிசியில் 50 சதவிகிதச் சலுகையை எட்டிய வரலாற்றைச் சாங்கோபாங்கமாக விவரித்து, “வீட்டுக்கும் அப்படித்தான் சார் இருக்கும்” என்று ஒரே வரியில் சட்டம் இயற்றிவிட்டுப் போனார்.

ஆனால் அந்தரங்கக் காரணம் மொட்டை மாடியில் இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லாத அறையொன்று, ஆஸ்பெஸ்டாஸ் கூரையுடன், துணி உலர்த்தும் கொடிக்குப் பின்னே அடக்கமாக நின்றுகொண்டிருக்க, மறுநாள் சர்வேயர் வருவார் என்ற குறுஞ்செய்தி வந்தவுடன், இன்சூரன்ஸ் சர்வேயருக்கும் மாநகராட்சி அதிகாரிக்கும் உள்ள வித்தியாசம் அவர் மனத்தில் முற்றிலும் அழிந்துபோயிற்று. ‘மேற்படி கிளெய்மை எவ்வித நிர்ப்பந்தமுமின்றி, பூரண சுயநினைவுடன் வாபஸ் பெறுகிறேன்’ என்று உயில் நடையில் ஒரு கடிதம் தயாரித்துவிட்டு, கடனும் பாலிசியும் தம்பதியர் இருவர் பெயரிலும் இருந்தபடியால் மனைவியிடம் பேனாவை நீட்டினார்.

அம்மாள் கடிதத்தைப் படித்துவிட்டு, “என்னங்க, உங்க நோட்டுக்கு வேணும்னா நீங்க வாபஸ் வாங்கிக்குங்க, என் பீரோவுக்கு நான் வாங்க மாட்டேன்” என்று சொல்லி, பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

மறுநாள் சர்வேயர் வந்தார். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளந்தார். பீரோவைத் திறந்தும் மூடியும் படமெடுத்தார். ஃபிரிட்ஜின் பில்லைக் கேட்டார். அவ்வளவு நேரமும் மாடிப்படியின் முதல் படியில் துவாரபாலகராய் நின்றிருந்த நம்மவரிடம், “சார், கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா? உங்களுக்குப் பின்னாலயும் தண்ணிக் கோடு தெரியுது” என்றாரே ஒழிய, மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சில வாரங்களில் பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. அன்று மாலையே எதிர்வீட்டுக்காரரைக் கேட்டருகே நிறுத்திவைத்து, “நம்ம உரிமையை நாம விட்டுக்கொடுக்கவே கூடாது சார்; என்னை எத்தனை பேர் வாபஸ் வாங்கச் சொன்னாங்க தெரியுமா?” என்று அவர் உபதேசம் செய்துகொண்டிருந்தார்.