என் வத்தையையும் காற்றாலையாகப் பதிவு செய்யக் கோரி

அனுப்புநர்: பாய் கட்டி ஓடும் வத்தைக்காரன் ஒருவன், பாம்பன்.

பெறுநர்: புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம், ஒன்றிய அரசு, புது தில்லி.

பெருமதிப்புக்குரிய ஐயா,

மன்னார் வளைகுடாவில் காற்றாலை நடப் போகிறீர்களாம், சந்தோஷம். நானும் காற்றை நம்பிப் பிழைக்கிறவன்தான். ஒரே தொழிலுக்கு வருகிறவர் என்ற உரிமையில் கேட்கிறேன்: என் வத்தையையும் கடல் காற்றாலை என்று பதிவு செய்துகொள்ள வேண்டும்.

தகுதி இருக்கிறது. மரம் நிற்கிறது, பாய் விரிகிறது, காற்றுப் பிடித்தால் ஓடுகிறது, புகை கிடையாது. காற்று விழுந்தால் சும்மா கிடப்பதிலும் உங்கள் இயந்திரத்துக்கு நான் இளைத்தவனல்ல. (துடுப்பு மட்டும் என்னிடம் கூடுதல்.)

வத்தையாக இருக்கும்வரை எனக்குச் சட்டம் அதிகம். இங்கிருந்து தூத்துக்குடி வரைக்கும் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. என் பாட்டன் படுத்துறங்கிய மணலில் நான் கால் வைத்தால் குற்றம். 2001 முதல் கடல் அட்டையைத் தொட்டால் வழக்கு. ஆவுளியா என்கிற கடற்பசு வலையில் சிக்கினால் அறுத்துவிடுகிறோம், வலையைத்தான். இதிலெல்லாம் கோபமில்லை. பவளப் பாரை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பிய காலத்தையும், அப்புறம் மீன் போன வழியையும் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

காற்றாலைக்கோ ராசி வேறு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறப் பட்டியலில் காற்று மின்சாரம் ‘வெள்ளை’. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் அதன் பெயரே இல்லை. உங்கள் 2015 கடல் காற்றாலைக் கொள்கை ஆய்வு செய்யச் சொல்கிறது, சரி. கட்டுகிறவரே ஆள் வைத்து ஆய்ந்து கொடுப்பார். அந்த வசதி எனக்கும் வேண்டும். என் வலையில் என்ன விழுந்தது என்று என் மச்சானை வைத்து ஆய்வறிக்கை அனுப்புகிறேன். தங்கமான பையன், கூலிக்குத் தகுந்தபடி எழுதுவான்.

2024 ஜூனில் கடல் காற்றாலைக்கு 7,453 கோடி ரூபாய் ‘இடைவெளி நிதி’ அறிவித்தீர்கள்; குஜராத்துக்கு 500 மெகாவாட், நமக்கு 500. என் பாயிலும் முழ நீளத்துக்கு ஒரு இடைவெளி இருக்கிறது. கவனிக்கவும்.

கிண்டல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நிலக்கரிச் சாம்பல் கரைக்கடலில் படிவதைப் பார்த்தவன் காற்று மின்சாரத்தை வேண்டாம் என்பேனா? தூண் அறைகிற சத்தத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். ஜெர்மனியில் தூணைச் சுற்றிக் குழாய் போட்டுக் குமிழித் திரை எழுப்புகிறார்கள். 750 மீட்டர் தள்ளி 160 டெசிபலைத் தாண்டக் கூடாது; அவர்கள் கடலில் ஓங்கில் மாதிரி ஒரு சின்னப் பிராணியின் காது கெட்டுவிடுமாம். எங்கள் ஆவுளியாவின் காதுக்கு எத்தனை டெசிபல் ஒதுக்கியிருக்கிறீர்கள்? மீன் முட்டையிடுகிறதென்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது. உங்கள் சம்மட்டிக்கும் அந்த 61 நாள் உண்டா, அல்லது வெள்ளை நிறச் சத்தம் முட்டைக்குக் கேட்காதா?

கேபிளும் இருக்கிறது. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்று ஒதுக்கினார்கள். அதற்கு வரைபடம் படிக்கத் தெரியாது. கடற்புல் எங்கே உண்டோ அங்கே மேயும், தென்கடலான மன்னார் வளைகுடாவிலும் மேயும். மின்சாரம் கரையேற வேண்டுமானால் கேபிள் ஆழம் குறைந்த அந்தப் புல்லைத் தாண்டித்தான் வர வேண்டும். எந்தப் புல்லைக் கிழிப்பது, எதை விடுவது என்று கேட்டால் எங்கள் பெண்டுகள்கூடக் கை காட்டுவார்கள். பாசி எடுக்க முங்கி முங்கி அந்தத் தரை முழுக்க அவர்களுக்குத் தெரியும்.

விசாரிக்க வருவதானால் வாடைக் காலத்தில் வரவும். கச்சான் காற்றடிக்கும் காலத்தில் தென்கடல் புரளும். நாங்கள் வடகடலான பாக் விரிகுடாவுக்குப் போய்விடுவோம். ஆளில்லாத கடலைப் பார்த்துவிட்டு ‘இங்கே மீன்பிடிப்பு இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் சக காற்றாலை உரிமையாளன்

இணைப்பு: கிழிந்த பாய் 1 (அசல். பார்த்ததும் திருப்பி அனுப்பவும். நாளைக்குத் தொழிலுக்குப் போக வேண்டும்.)