வீரரும் சம்மதமும்

கேள்வி: 2025 நவம்பரில் சென்னை அணி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டதே, மனிதரைப் பண்டம்போல் மாற்றுவது நியாயமா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: செட்டியார் தெருவிலே பழைய சங்கிலியைக் கொடுத்துப் புதியதை வாங்குகையில் சங்கிலியிடம் எவரும் சம்மதம் கேட்பதில்லை, ஐ.பி.எல். விதியோ வீரரின் சம்மதமின்றி அத்தகைய பரிவர்த்தனை நிகழலாகாது என்கிறது. ஆதலின் இது நியாயமே. ஜடேஜாவும் அந்நியரிடம் போகவில்லை. 2008இல் ராஜஸ்தான் முதற்கிண்ணம் வென்றபோது அவ்வணியில் ஆடிய பாலகர் அவர்.

அமெரிக்க பேஸ்போலில் நிலைமை கடுமையானது. பத்தாண்டு சேவை புரிந்து, அவற்றுள் இறுதி ஐந்தாண்டை ஒரே கழகத்தில் கழித்தவருக்கும், ஒப்பந்தத்திலேயே தடைவிதி எழுதிக்கொண்டவருக்கும் மட்டுமே மறுக்கும் உரிமை உண்டு. இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நின்று, மின்னலென வரும் பந்தை மறிக்கும் ‘ஷோட்ஸ்டொப்’ ஸ்தானத்தில் நிகரற்றவரான ஓஸி ஸ்மித்திடம் அத்தடைவிதி இருந்தமையால், சென்ட் லூயிஸ் அணியின் முகாமையாளர் வைட்டி ஹெர்சோக் சான் டியேகோவுக்கே நேரிற் சென்று அவர் மனத்தை இணங்குவித்தார். அதே ஸ்தானத்து வீரரான கேரி டெம்பிள்டன் மறுபுறம் போனார். ஸ்மித் வந்துசேர்ந்த 1982ஆம் ஆண்டிலேயே சென்ட் லூயிஸ் உலகத் தொடரை வென்றது.

பத்தாண்டு சேவையோ பேரம்பேசும் கீர்த்தியோ இல்லாத இளைஞருக்குத்தான் கவசமில்லை. அவருடைய முதல் ஒப்பந்தத்திலேயே மறுக்கும் உரிமை எழுதப்படவேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம்.