சர்வே நம்பர் சார்

தாம்பரத்தைத் தாண்டி எந்த நகரில் யார் புதுவீட்டில் பால் காய்ச்சினாலும் முதல் வாரத்திலேயே வந்து நிற்பார். "சார், 118 பை 2பி நீங்கதானே?" என்பதுதான் அவர் வைக்கும் வணக்கம். பெயரைப் பிறகு கேட்பார். பத்திரத்தில் இருக்கும் இனிஷியலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளத்தான் அதுவும். நீங்கள் வாங்கிய மனை 1987-ல் யார் கையில் இருந்தது, எந்த வருஷம் பாகம் பிரிந்தது, நடுவில் எந்த வங்கி வந்து போனது எல்லாம் உங்களைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரியும். நீங்கள் வக்கீல் தலையாட்டியதும் கையெழுத்துப் போட்டவர். அவர் முழுக்கப் படித்தவர்.

காலை காபி, பேப்பர், அப்புறம் ஈசி, அதாவது வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்தில் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, சர்வே எண்ணைத் தட்டி, கோணல்மாணலான அந்தக் கேப்சா எழுத்துகளை மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி அடித்து முடித்தால், ஒரு தெருவின் சரித்திரம் கட்டம் கட்டமாக வந்து விழும். ஆவண எண், தாக்கல் செய்த நாள், தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, நான்கு எல்லை. மற்றவர்களுக்கு இது கடன் வாங்க வங்கி கேட்கும் காகிதம். அவருக்கோ வாராந்தரத் தொடர்கதை. தகப்பனார் கடைசிப் பெண்ணுக்கு மட்டும் தான செட்டில்மெண்ட் எழுதியிருந்தால், "பெரிய பையனோட பேச்சுவார்த்தை இல்லபோல" என்று முடிவு கட்டுவார். விடுதலைப் பத்திரம் கண்ணில் பட்டால், "தம்பிக்குப் பணத்தைக் கொடுத்து அனுப்பிட்டாங்க." பொது அதிகாரம் கொடுத்து ஆறே மாதத்தில் ரத்து செய்திருந்தால் குரலைத் தாழ்த்தி, "ஏதோ நடந்திருக்கு" என்பார். என்ன நடந்தது என்பது அந்தக் கட்டத்தில் இல்லை. அதை அவரே எழுதிக்கொள்வார். மாலை வாக்கிங்கில் அது தெரு முழுக்க வெளியாகிவிடும்.

அவர் சொல்வதில் தேதி தப்பாது, எண் தப்பாது. தப்புவது ஆள். பதிவேடு ஒரு பரிமாற்றம் நடந்ததைத்தான் சொல்லும்; அது ஏன் நடந்தது, எப்படி முடிந்தது என்பது அதன் வேலையே இல்லை. கைமாற்றுத் தொகையையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் வழிகாட்டி மதிப்பை ஒட்டி எழுதப்பட்ட பத்திரங்கள் எத்தனை, கொடுத்த பணம் முழுதும் எழுதப்பட்ட பத்திரங்கள் எத்தனை என்று யாரும் யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் மட்டும், "22 லட்சம்னு பத்திரத்துலயே இருக்கு, மனுஷன் வெளியில 60-ன்னு அளக்கிறார்" என்று எதிர்வீட்டுக்காரரைப் பொய்யராக்கிவிடுவார். அவருடைய சொந்தப் பத்திரமும் வழிகாட்டி மதிப்பைத் தாண்டி ஒரு ரூபாய் போயிருக்காது. அது நடைமுறையாம்.

இதைவிடக் கொடுமை எம்ஓடி. வீட்டுக் கடன் வாங்கும்போது பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததைப் பதிவு செய்கிறோம். உடனே அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடுகிறது. கடனை அடைத்த பிறகு வங்கியிலிருந்து ஆள் வரவழைத்து, ரசீது ஆவணம் எழுதி, அதையும் பதிவு செய்தால்தான் கணக்கு முடிந்ததாகச் சான்று சொல்லும். கடைசித் தவணை கட்டி, பத்திரக் கட்டைக் கையில் வாங்கி, சாமி படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டு பீரோவில் பூட்டிய குடும்பங்களில் பல இந்த இரண்டாவது நடையை நடப்பதில்லை. வீட்டை விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். வங்கிக்கு அவர்கள் ஒரு பைசா பாக்கியில்லை. சர்வே நம்பர் சாரின் கணக்கிலோ, "இன்னும் 38 லட்சம் நிக்குது, வெளியில காட்டிக்க மாட்டேங்கிறாங்க." இதைத் தெருமுனையோடு நிறுத்திக்கொண்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் விசாரிக்க வேண்டும் என்றால் அவரைத்தான் கேட்கிறார்கள். ஏழெட்டு வருஷம் முன்பே அடைந்த கடன் ஒரு கல்யாணப் பேச்சில் வந்து குறுக்கே உட்காரும். யார் பேச்சைக் கெடுத்தது என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியவே தெரியாது.

நீதிமன்றத் தேடலில் இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரை அடித்தால் வழக்குகள் வரும். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஓர் எழுத்தும் ஒரு பெயரும்தான். கே. ரவி என்று தேடினால் செங்கல்பட்டிலும் தாம்பரத்திலும் வந்து விழும் ரவிகளில் நம் தெரு ரவி எவர்? காசோலை திரும்பிய வழக்கு ஒன்று அதில் இருந்தால் போதும். அது நம் ரவியுடையதுதான் என்று அவர் தீர்ப்பே எழுதிவிடுவார். வாக்காளர் பட்டியல் விவகாரம் இதற்கு முன் சில்லறை. 2025 கடைசியில் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது ஊரே 2002, 2005 பட்டியல்களில் தன் அப்பா அம்மா பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. அவர் மற்றவர்களுடைய அப்பா அம்மாவையும் தேடிக்கொடுத்தார். போகிற போக்கில் தெருவிலுள்ள பெண்களின் வயது அத்தனையும் மனப்பாடமாகிவிட்டது. வண்டி எண்ணைப் போட்டு உரிமையாளரைப் பார்ப்பது மட்டும் இப்போது சுகப்படவில்லை; பெயரில் பாதி எழுத்துக்கு நட்சத்திரம் போட்டுவிட்டார்கள் என்று அவருக்கு மனக்குறை.

"பொதுப் பதிவேடுதானே, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சட்டமே சொல்கிறதே" என்பது அவர் எப்போதும் கையில் வைத்திருக்கும் பதில். சொல்கிறது, உண்மைதான். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, அசையாச் சொத்து ஆவணங்கள் ஏறும் ஒன்றாம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தும் எவரும் பார்க்கலாம் என்கிறது. அதே பிரிவை இன்னும் நாலு வரி படித்தால், உயில்கள் ஏறும் மூன்றாம் புத்தகத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது என்றும் தெரியும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் நகல். நிலம் வாங்குகிறவன் ஏமாறக்கூடாது, அதனால் ஒரு கதவைத் திறந்து வைக்கலாம். ஒரு குடும்பத்தின் மனத்தாங்கல் அம்பலமாகக்கூடாது, அதனால் இன்னொரு கதவைச் சாத்தி வைக்கலாம் என்று நூறு வருஷத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். திறந்த கதவிலும் கொஞ்சம் சிரமம் இருந்தது. சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திர எழுத்தரிடம் மனு எழுதி, கட்டணம் கட்டி, இன்று போய் நாளை வா என்பதைக் கேட்டு அலையவேண்டும். வாங்குகிறவன் அலைந்தான், வேடிக்கை பார்க்கிறவன் வீட்டிலிருந்தான். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம் என்றானதும், அதிலும் 2018-ல் பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் வந்து எல்லாமே கணினிக்குப் போனபின், அலைச்சல் ஒழிந்தது. நல்ல காரியம். அலைச்சலுக்குப் பயந்து இத்தனை காலம் வேடிக்கையோடு நிறுத்திக்கொண்டவருக்கும் சேர்த்துத்தான் அது ஒழிந்தது.

அவரால் உபகாரமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறைய. ஒரே மனைக்கு இரண்டு பேர் பத்திரம் வைத்திருப்பதை வக்கீலுக்கு முன்பே கண்டுபிடிப்பவர் அவர். வரைபடத்தில் கிழக்கே இருக்கும் சாலை பத்திரத்தில் மேற்கே போயிருப்பதை விரலை வைத்துக் காட்டுவார். தாய்ப்பத்திரம் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்கப் போனவரை வாசலிலேயே மறித்து, "வருவாய்த்துறையோட ஏ-பதிவேட்டைப் பாரு, வாய்க்கால் புறம்போக்குன்னு போட்டிருக்கு, உன் பணம் தண்ணியில போயிடும்" என்று காப்பாற்றிய கதை ஒவ்வொரு நகரிலும் ஒன்றாவது இருக்கும். காசு வாங்கமாட்டார். காபி கொடுத்தால் குடிப்பார், சர்க்கரை இல்லாமல். அவர் இப்படி ஆனதற்கும் காரணம் இருக்கிறது. சொந்த ஊரில் மூன்று தலைமுறையாக யார் யார் என்று தெரியும். இங்கே கும்பகோணத்துக்காரரும் தென்காசிக்காரரும் சித்தூர்க்காரரும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு, பத்து வருஷமாக "நல்லா இருக்கீங்களா" என்பதைத் தாண்டாமல் வாழ்கிறார்கள். பேச ஆளில்லாத தெருவில் பதிவேடாவது பேசுகிறதே என்று அவர் அதன் பக்கம் போனதைப் பெரிய குற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "கடன் முடிஞ்சுதா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த 38 லட்சம் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

இவருக்குப் பயந்து பதிவேட்டையே பூட்டிவிடலாமா? வேண்டவே வேண்டாம். பூட்டினால் முதலில் மாட்டுகிறவர் ஆயுசுச் சேமிப்பைக் கொட்டி அரை கிரவுண்டு வாங்குகிறவர்தான். அந்தரங்கம் என்ற பெயரில் போடும் பூட்டு எந்தக் கதவில் போய் விழும் என்பதற்கும் சமீபத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) உட்பிரிவைத் திருத்தியது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின், ஓர் அதிகாரியைப் பற்றிய கேள்விக்கு 'தனிப்பட்ட தகவல்' என்ற ஒரே பதிலைச் சொல்லி மனுவைத் திருப்புவது முன்பைவிட எளிது. உங்கள் வீட்டு அடமானமோ அப்படியே எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது.

என் புகார் வேறு. இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் எந்தப் பக்கம் பார்க்கிறார்? 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. எழுதிக்கொடுத்தார்களா என்பது அதே இணையதளத்தில், அதே கேப்சாவுக்குப் பின்னால் இருக்கிறது. பூங்கா என்று வரைபடத்தில் பச்சை அடித்த இடத்தில் ஜல்லி கொட்டி கொட்டகை போட்டிருக்கிறார்கள். அந்தச் சர்வே எண்ணை அவர் இதுவரை தட்டியதில்லை. ஏரி எதுவரைக்கும் ஏரி என்று ஏ-பதிவேடு சொல்லும். கரையை மண் போட்டு மூடி எழும்பிய கட்டடத்தின் எண்ணை அவர் பார்த்ததில்லை. சட்டமன்ற வேட்பாளர்களின் சொத்துக் கணக்கு பிரமாணப் பத்திரமாகப் பொதுவில் இருக்கிறது. அதற்கு அடிகோலியது உச்ச நீதிமன்றத்தின் 2002 தீர்ப்பு. ஆனால் தான் ஓட்டுப் போட்ட எம்.எல்.ஏ.வுக்கு எத்தனை மனை என்று அவருக்குத் தெரியாது. மாடி வீட்டு டீச்சரம்மாவுக்கு ஊரப்பாக்கத்தில் இன்னொரு மனை இருப்பது தெரியும். நலச்சங்கக் கூட்டத்தில் யாராவது துணிந்து, "சார், நீங்கதான் இதுல கில்லாடி, அந்தப் பார்க் இடத்துக்கும் ஒரு ஈசி போட்டுப் பாருங்களேன்" என்று கேட்டால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்வார்: "அடுத்தவங்க விஷயம் நமக்கு எதுக்கு சார்?"