இம்பார்ட்டன்ட் தம்பி

மதுரைச் செல்லூருக்கு அடையாளம் இரண்டு. ஒன்று தறி, இன்னொன்று கபடி. கபடிக்கு ரவுண்டானாவில் சிலையே வைத்துவிட்டார்கள். தறிச் சத்தம் முன்னைப்போல் இல்லாத சந்துகளில், மாடி ரூம்களில், மூன்றாவதாக ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அதற்கு இன்னும் சிலை வைக்கவில்லை. வைத்தால் பீடத்தில் ஒரு ஆச்சரியக்குறியும் அதையொட்டி ‘இம்பார்ட்டன்ட்’ என்ற சொல்லும் பொறிக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்துத் தம்பியை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். கறுப்பு டீ-ஷர்ட், ஒரு காதில் மட்டும் இயர்போன், குறுக்காக விரிசல் விட்ட போன். விசிட்டிங் கார்டில் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே ‘நிறுவனர் மற்றும் தலைமைச் செயல் அதிகாரி’ என்றிருக்கும். தலைமை அலுவலகம், அம்மாவின் தையல் மெஷினை உள்ளே மடக்கி மூடிய பலகை. அம்மாவுக்கு ஜாக்கெட் தைக்க ஆர்டர் வந்தால் அன்றைக்கு நிறுவனத்துக்கு விடுமுறை.

தொழில் வெப்சைட் போட்டுத் தருவது. தளத்துக்குத் தோற்றம் தருகிற தீம் எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கிறது. எங்கே வாங்கினாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. தீமை ஏற்றி, கடைப் பெயரைத் தட்டி, முகப்பில் ஒரு மாடல் பெண்ணை நிறுத்திவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. மிச்சம் கால்வாசியில்தான் தம்பியின் வாழ்க்கை கழிகிறது. ஏனென்றால் அந்தக் கால்வாசியின் பெயர் சி.எஸ்.எஸ். பக்கத்தில் எது எந்தக் கலர், எந்த அளவு, எங்கே நிற்க வேண்டும் என்று உத்தரவு போடுகிற மொழி அது.

முதல் கிராக்கி ஒரு சுங்குடிச் சேலைக் கடை. கடைக்கார அண்ணாச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “தம்பி, ‘வாங்கு’ பட்டன் நீலமா இருக்கு. நம்ம கடைக்கு அரக்குத்தான் ராசி.” தம்பி தளம் கட்டுகிற வேர்ட்பிரஸ் மென்பொருளில் இதற்கென்றே ஒரு பெட்டி உண்டு. 2016 டிசம்பரில் வந்த 4.7-ஆவது பதிப்பிலிருந்து ‘கூடுதல் சி.எஸ்.எஸ்.’ என்று அங்கேயே எழுதிக்கொள்ளலாம். தம்பி ஒரு வரி எழுதினான். பட்டன் நீலமாகவே இருந்தது. பட்டனுக்கு வைத்திருந்த கிளாஸ் பெயர்களில் தன்னுடையதைக் கடைசியில் தள்ளிப் பார்த்தான். அப்போதும் நீலம்தான். யூடியூபில் யாரோ ஒரு அண்ணன் சொன்னார் என்று வரியின் வாலில் ஆச்சரியக்குறி போட்டு ‘இம்பார்ட்டன்ட்’ என்று சேர்த்தான். பட்டன் பளிச்சென்று அரக்கானது.

தம்பிக்கு ஞானம் பிறந்த நேரம் அது. அன்றிலிருந்து அவன் எழுதுகிற எந்த வரியும் அந்த வால் இல்லாமல் முடிவதில்லை. கலரா, இம்பார்ட்டன்ட். இடைவெளியா, இம்பார்ட்டன்ட். மெனுவில் ஒரு புள்ளி தள்ள வேண்டுமா, அதுவும் இம்பார்ட்டன்ட். விட்டால் அண்ணாச்சிக்கு அனுப்புகிற பில்லிலும் போடுவான். அங்கே போட்டாலும் பலன் இருக்காது என்பது தனிக் கதை.

முதலில் எழுதிய வரி ஏன் பலிக்கவில்லை? மதுரைக்காரனுக்கு இதை விளக்க ஒரு சுவர் போதும். நம்மூர்ச் சுவரில் போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டுவார்கள். சம அந்தஸ்து உள்ளவர்களின் போஸ்டர் என்றால் ராத்திரி கடைசியாக ஒட்டியவன்தான் காலையில் தெரிவான். ஆனால் அந்தஸ்து என்று ஒன்று வந்துவிட்டால் நேரம் செல்லாது. கட்சியின் மாவட்டச் செயலாளர் முகத்துக்கு மேல் வட்டச் செயலாளர் தன் போஸ்டரை ஒட்ட முடியுமா? விடிகாலை நாலு மணிக்கு வந்து ஒட்டினாலும் செல்லாது. சி.எஸ்.எஸ்.ஸிலும் வகையை மட்டும் சொல்லும் வெறும் டேக் என்பது வட்டம், ஒரு குழுவுக்கு வைத்த பெயரான கிளாஸ் என்பது மாவட்டம், ஒன்றுக்கு மட்டுமே உரிய பெயரான ஐடி என்பது தலைமை. நூறு வட்டம் ஒன்று சேர்ந்தாலும் ஒரு மாவட்டம் ஆகாது என்பதில்கூட இரண்டுக்கும் வித்தியாசமில்லை. தீம் எழுதியவர் பட்டனுக்கு நாலு கிளாஸை அடுக்கி எழுதியிருந்தார். தம்பி ஒற்றைக் கிளாஸோடு போய் நின்றான். கடைசியாக ஒட்டியும் அதனால்தான் தோற்றான். இம்பார்ட்டன்ட் என்பது போஸ்டருக்குப் பக்கத்தில் அடியாளை நிறுத்துவது. எதிராளியும் அடியாளைக் கொண்டுவந்துவிட்டால் கதை பழையபடி அந்தஸ்துக்கும் அதற்கடுத்து நேரத்துக்கும் திரும்பிவிடும்.

எதிராளிக்கு அடியாள் இல்லையா என்ன? அண்ணாச்சியின் தளத்தில் கூடுதல் வசதிக்கென்று பிளகின் ஏற்றியவர்கள் பலர். ஆடித் தள்ளுபடிப் பெட்டி மச்சினன் சொன்னது. வாட்ஸ்அப் பட்டன் மருமகன் சொன்னது. நட்சத்திரம் பறக்கிற பிளகின் யார் சொன்னது என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு ஸ்டைல் ஃபைலோடு வந்து இறங்குகிறது. ஒவ்வொன்றின் உள்ளேயும் எங்கோ ஒரு ஊரில் ஒரு இம்பார்ட்டன்ட் தம்பி உட்கார்ந்து எழுதிய வரிகள்.

எந்த ஃபைல் யாருக்குப் பின்னால் ஏறுகிறது என்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். வாங்கிய தீமைத் தொடாமல் நம் மாற்றங்களைத் தனியே வைக்கிற சைல்டு தீம் வைத்தால் ‘தாய் தீம் ஏறிய பிறகு நான்’ என்று சார்பைச் சொல்லித்தான் அதன் ஃபைலை ஏற்ற வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளை முன்னால் போய் நிற்கும், தாய் பின்னால் வந்து அழிக்கும். கூடுதல் சி.எஸ்.எஸ். பெட்டி பக்கத்தின் தலைப்பகுதியில் ஏறக்குறையக் கடைசியில்தான் ஏறும். ஆனால் பக்கத்தின் அடியில் ஏறுகிற பிளகின் ஃபைல் அதற்கும் பின்னால் வரும். வேகம் கூட்டித் தருகிறேன் என்று வருகிற கேச்சு பிளகினோ எல்லா ஃபைலையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டும்போது வரிசையையே மாற்றிவிடும். நேற்றுவரை சரியாக இருந்த பக்கம் இன்று காலை கோணலாக நிற்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். தம்பி சொல்கிற காரணம் ‘சர்வர் டவுன்.’

எஃப்12 பொத்தானை அமுக்கினால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். பட்டனின் மேல் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ கொடுத்தால் வலப்பக்கம் ஒரு பட்டியல் வரும். ஜெயித்த வரி கோடு இல்லாமல் தெளிவாக நிற்கும். தோற்ற வரிகள் எல்லாம் நடுவில் கோடு அடிபட்டுக் கிடக்கும். எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்றுகூட ஓரத்தில் போட்டிருக்கும். அண்ணாச்சியின் ‘வாங்கு’ பட்டனுக்கு ஏழு கலர் சொல்லப்பட்டிருந்தது. ஆறு கோடு அடிபட்டவை. அதில் நான்கு தம்பியே வெவ்வேறு மாதங்களில் எழுதியவை. தன்னை எதிர்த்துத் தானே நாலு முறை கூச்சல் போட்டிருக்கிறான்.

வாரத்துக்கு ஒரு தடவை இந்த உரையாடல் நடக்கும்:

“தம்பி, பட்டன் இன்னமும் நீலமாத்தான் இருக்கு.”

“இல்ல அண்ணாச்சி, எனக்கு அரக்கு வந்துருச்சு.”

“உனக்கு வந்து என்னத்துக்கு? நீயா சேலை வாங்கப்போற?”

“கேச்சு அண்ணாச்சி. கன்ட்ரோலும் எஃப்5-உம் சேத்து அமுக்குங்க.”

“போன்ல அது எங்கிட்டுப்பா இருக்கு?”

தம்பி மௌனம்.

“அப்ப கடைக்கு வர்ற பொம்பளையாளுக அம்புட்டுப் பேத்துக்கும் போன் போட்டு அமுக்கச் சொல்லட்டுமா?”

ஃபைல் பெயரின் வாலில் பதிப்பு எண்ணை மாற்றிவிட்டால் பிரவுசர் கேச்சில் சேமித்த பழையதை விட்டுப் புது ஃபைலை எடுத்துக்கொள்ளும். தம்பிக்கு இது தெரியும். ஆனால் அந்த எண்ணை எங்கே மாற்றுவது என்பது மறந்துபோயிருக்கும்.

அடுத்தது ஒன்பதுகளின் போர். ஆடித் தள்ளுபடிப் பெட்டியை மூடுகிற பெருக்கல் குறி, வாட்ஸ்அப் பட்டனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. வாடிக்கையாளர் மூடவும் முடியாது, வாங்கவும் முடியாது. எது மேலே நிற்க வேண்டும் என்று சொல்ல இசட்-இண்டெக்ஸ் என்று ஒரு எண் உண்டு. தம்பி 999 போட்டான். வாட்ஸ்அப்காரன் 9999 போட்டிருந்தான். தம்பி 99999 என்றான். ஏலம் இப்படியே போனால் எங்கே முடியும்? பிரவுசர்களில் இதற்கும் உச்சவரம்பு உண்டு. 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதையும் தம்பி போட்டுப் பார்த்தான், பெருக்கல் குறி அசையவில்லை. அது உட்கார்ந்திருந்த தாய்ப் பெட்டிக்கு எண் 1 என்று இருந்தது. தாய் கீழே நிற்கையில் பிள்ளைக்கு எத்தனை கோடி கொடுத்தாலும் அந்த வீட்டுக்குள்தான் அது பெரிய ஆள்.

இதைவிட மானக்கேடு தமிழால் வந்தது. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று தம்பி எல்லா எழுத்துக்கும் வரி உயரத்தை ஒன்று என்று வைத்து இம்பார்ட்டன்ட் போட்டான். ஆங்கிலம் தாங்கிக்கொண்டது. தமிழில் மேல்விலங்குக்கும் சுழிக்கும் மேலே இடம் வேண்டும். பட்டனுக்கு வெளியே வழிவதை மறைக்கச் சொல்லி இன்னொரு வரி இருந்ததால் ‘டி’யின் மேல்விலங்கு அரிவாளால் சீவியது போல் போய்விட்டது. ‘சுங்குட சேலை’ என்று தளம் மூன்று நாள் வியாபாரம் செய்தது. 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரைச் சுங்குடிக்கு இப்படி ஒரு சோதனை.

தம்பியை மட்டும் வைவதும் நியாயமில்லை. தளத்துக்குப் பேசிய தொகையில் பாதி இன்னும் பாக்கி. “கலர் மாத்துறதுக்கெல்லாம் காசாப்பா?” என்று கேட்கிறவர்கள்தான் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் அடிக்கிறார்கள். சைல்டு தீம் போட ஒரு நாள் அவகாசம் கேட்டான், கொடுக்கவில்லை. அவசரத்துக்குத் தீமின் சொந்த ஃபைலிலேயே எழுதிவைத்தான். ஒரு நாள் அண்ணாச்சி தானே உள்ளே போய் ‘அப்டேட்’ என்று சிவப்பாக எரிந்ததை அமுக்கினார். புதுத் தீம் வந்து பழைய ஃபைலை மொத்தமாகத் தின்றுவிட்டது. பட்டன் மறுபடி நீலம்.

இந்தச் சி.எஸ்.எஸ். மொழிக்கு விதை போட்டவர் ஹோக்கன் வியும் லீ என்ற நார்வேக்காரர். 1994 அக்டோபரில், ஜெனீவா பக்கத்தில் இருக்கிற செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது. 1996 டிசம்பரில் முதல் பதிப்பு அதிகாரபூர்வமாக வந்தது. இம்பார்ட்டன்ட் அதிலேயே இருந்தது. அப்போது தளம் செய்கிறவரும் படிக்கிறவரும் ஆளுக்கொரு இம்பார்ட்டன்ட் போட்டு மோதினால் செய்கிறவர் பக்கம்தான் தீர்ப்பு. 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு அதைத் தலைகீழாக்கியது. கண் மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி இம்பார்ட்டன்ட் போட்டால் அதைத் தளக்காரர் எவரும் மீற முடியாது என்று ஆனது. படிக்கிறவரின் கையில் கடைசி ஆயுதமாகக் கொடுத்த சொல் அது. அதை எடுத்துத்தான் தம்பி பட்டனுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறான்.

கூச்சல் தாங்காமல் 2022-இல் பெரிய பிரவுசர்கள் எல்லாம் ‘லேயர்’ என்று ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. தீம் ஒரு அடுக்கு, பிளகின் ஒரு அடுக்கு, நம்முடையது ஒரு அடுக்கு என்று முதலிலேயே வரிசையை எழுதிவைத்துவிடலாம். பின்னால் சொன்ன அடுக்கு ஜெயிக்கும், அங்கே அந்தஸ்துச் சண்டை கிடையாது. ஆனால் இம்பார்ட்டன்ட் போட்டால் வரிசை தலைகீழாகிவிடும், முதலில் சொன்ன அடுக்கே ஜெயிக்கும். தம்பியிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: “அப்ப அதுக்கும் மேல ஒரு இம்பார்ட்டன்ட் வரலையாண்ணே?”

வராது. எல்லாமே முக்கியம் என்று எழுதிவைத்த இடத்தில் எதுவும் முக்கியமில்லை. வரிசை தெரிந்தவன் ஒரு வரியில் முடிப்பதைத் தெரியாதவன் ஒன்பது ஒன்பதாக எழுதியும் முடிக்க முடியாது. ஆகவே தளம் போடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தெருத் தம்பியிடம் கலரைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உன் ஃபைல் யாருக்குப் பின்னால ஏறுது?” பதில் சொன்னான் என்றால் அட்வான்ஸைக் கொடுங்கள், பாக்கியையும் சேர்த்தே கொடுங்கள். தலையைச் சொறிந்தான் என்றால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, பட்டன் நீலமாக இருப்பதே ராசி என்று நம்பத் தொடங்குங்கள்.