அப்பாவும் ஐந்து ஃபார்வர்டும்

தென்காசிப் பெரியவர்களின் செல்போன் மோகத்தைக் குறைக்க, சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகள் கண்ட வழி, "செல்போனால் கண் கெடும்" என்ற வீடியோவை அவர்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புவது. பெரியவர் அதை முழுதாகப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர் குரூப்புக்கும் தட்டிவிடுகிறார். கட்டுப்பாட்டால் ஆகாது என்பதற்கு வாட்ஸ்அப் நிறுவனமே சாட்சி. 2018-இல், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020-இல், ஏற்கெனவே ஊரெல்லாம் சுற்றிய செய்திக்கு அந்த ஐந்தையும் ஒன்றாக்கியது. அப்படியும், நம் தேசிய கீதமே உலகில் சிறந்ததென்று யுனெஸ்கோ அறிவித்ததாகச் சொல்லும் பொய் ஓய்ந்தபாடில்லை. ஒவ்வொன்றாக அனுப்பப் பொறுமை வேண்டும். ஓய்வுபெற்றவரிடம் அதற்கா பஞ்சம்?

போனையே பிடுங்கிவிடலாமே என்பார்கள். பென்ஷனுக்கான வாழ்நாள் சான்றிதழைக்கூட இன்று போனில் முகம் காட்டி வாங்கலாம். பிடுங்கினால் ஆள் உயிரோடிருப்பதே சந்தேகமாகிவிடும். குற்றாலப் பேரருவியில் குளிக்கத் தடையா என்பதையும் அதில்தான் பார்க்கிறார்கள். உண்மையில் கை போனுக்குப் போவது பேச ஆளில்லாத பொழுதில். தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்தபோது ராஜாஜியும் கல்கியும் தேடிவந்து பேசினார்கள். எல்லார் வீட்டுக்கும் ராஜாஜி வருவாரா என்று கேட்கலாம். அவர் வேண்டாம், மகன் வந்தால் போதும். அவனும் வந்த வேகத்தில் சார்ஜர் தேடாமல் இருந்தால் சரி. சாரல் சீசனுக்கு வருகிற பிள்ளைகளே, அப்பாவை ஐந்தருவிக்குக் கூட்டிப் போங்கள். உங்கள் போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.